முழுசாச் சொல்லிட்டு உக்காரு

என் அம்மாவுக்கு,

முத்தத்தோடு தொடங்குகிறேன். கோபம் பின்னால் வரும். நான் செருப்பைக் கழற்றுகிற சத்தத்திலேயே என் கோபத்தைக் கண்டுபிடிக்கிறவள் நீ, அதனால் இந்நேரம் உனக்குத் தெரிந்திருக்கும்.

முதலில் வீட்டு விஷயம். கே.கே. நகரில் நம் தெருவைப் பாதாளச் சாக்கடைக்காகத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். கேட்டுக்கு நேர் முன்னால் இடுப்பளவுப் பள்ளம், அதன் மேல் ஒரு பலகை. என் ஸ்கூட்டி வெளியே போக வழியில்லாமல் போர்ட்டிகோவிலேயே நிற்கிறது. எதிர் வீட்டு லில்லி அக்கா பலகையில் கால் வைக்கப் பயந்துகொண்டு, பால் பாக்கெட்டைக்கூட அந்தப் பக்கமிருந்தே தூக்கிப் போடுகிறார். கத்திரி வெயில் வேறு. மாடித் தொட்டித் தண்ணீரில் மத்தியானம் அப்படியே காப்பித் தூளைப் போட்டுக் குடித்துவிடலாம்.

இவ்வளவு பள்ளத்தையும் தாண்டி அரிசி மட்டும் தவறாமல் வந்துவிடுகிறது. வெள்ளிக்கிழமை காலையில் கதவைத் திறந்தால் கேட்டுக் கம்பிகளில் பைகள் தொங்குகின்றன. மஞ்சள் பை, ஜவுளிக்கடைப் பை, யார் வீட்டுக் கல்யாணத்திலோ தேங்காய் போட்டுக் கொடுத்த பை. நீ இருந்தபோது அவற்றைப் பார்த்தால் எனக்கு ஒன்றும் தோன்றாது. இப்போது மூச்சு முட்டுகிறது, அம்மா.

இந்தக் கடிதத்தை மற்றவர்களும் படிப்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள். நம் சபையில் பிடி அரிசி என்று ஒரு வழக்கம். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைக் கடவுளுக்கென்று தனி டப்பாவில் போட்டுவைப்பார்கள். ஒரு காலத்தில் அதை ஆலயத்தில் கொண்டுபோய்க் கொட்டினால் ஏலம் போகும். நீதான் அதை மாற்றினாய். அரிசி அரிசியாகவே இல்லாதவர்கள் வயிற்றுக்குப் போகட்டும் என்று சொல்லி, சனிக்கிழமைதோறும் நம் வீட்டுக் கொல்லையில் அண்டாவை ஏற்றிக் கஞ்சி காய்ச்சினாய். தனியாகக் கிடக்கிற முதியவர்களுக்குத் தூக்குவாளியில் அனுப்பினாய். தல்லாகுளத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர் வேலை, வீட்டில் நானும் தம்பியும், ஞாயிறு காலையில் ஆலயத்துப் பிள்ளைகளுக்கு ஓய்வுநாள் பள்ளி, இதற்கு நடுவில் இந்த அண்டா.

பத்து வீட்டு அரிசியைக் கலந்து ஒரே அண்டாவில் போட்டால் என்ன ஆகும் என்று சமைக்கிறவர்களுக்குத் தெரியும். ரேஷன் அரிசி வேகும்போது பொன்னி குழைந்திருக்கும், இட்லி அரிசி கல்லாக நிற்கும். அதற்கு நீ கண்டுபிடித்த வழி, எல்லாவற்றையும் வறுத்து நொய்யாக உடைத்துவிடுவது. உடைத்த பிறகு எல்லாம் ஒன்றுபோல வேகும். பாசிப்பருப்பு, பூண்டு, வெந்தயம், கடைசியில் தேங்காய்ப்பால். இந்தக் கஞ்சி வாசனையில்தான் நான் வளர்ந்தேன்.

ஒரு நாள் ஒரு அம்மா தன் வீட்டு அரிசியை மட்டும் தனியாகக் காய்ச்ச முடியுமா என்று கேட்டது ஞாபகமிருக்கிறதா? ஏனென்று அவர் சொல்லவில்லை, அங்கே இருந்த எல்லோருக்கும் புரிந்தது. நீ கோபப்படவே இல்லை. அவர் கண் முன்னாலேயே பையை மற்ற வீட்டு அரிசி கிடந்த அண்டாவில் மொத்தமாகக் கவிழ்த்தாய், கையை முழங்கை வரை உள்ளே விட்டுக் கிளறினாய், பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, "இனி உங்க அரிசியப் பிரிச்சு எடுத்துக்கங்க" என்றாய். நான் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை. என் அம்மாவைப் போல உலகத்தில் யாருமே இல்லை என்று நினைத்துக்கொண்டேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். அதுதான் சிக்கல்.

கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம் நீ போனாய். ஸ்டார் கட்டியிருந்த தெருவில் உன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். உன்னிடம் படித்த பிள்ளைகள் அத்தனை பேர் வந்திருந்தார்கள். அவனியாபுரத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர், கோர்ட்டில் வக்கீலாக இருக்கிறவர், பேரன் எடுத்துவிட்ட ஒரு பெண். எல்லோரும் ஒரே கதையைத்தான் சொன்னார்கள். வகுப்பில் எழுந்து நின்று பாதி பதில் சொன்னால் நீ உட்கார விடமாட்டாய் என்று. ஷேர் ஆட்டோக்காரர் உன்னைப்போலவே பேசிக் காட்டினார். "ஏன்டா லேட்டு? பஸ்ஸா? பஸ்ஸு என்ன செஞ்சுச்சு, ஒன்னையக் கடிச்சுச்சா? முழுசாச் சொல்லிட்டு உக்காரு." பெட்டிக்குப் பக்கத்திலேயே எல்லோரும் சிரித்துவிட்டோம். அவ்வளவு பேர் அழுது, அவ்வளவு பேர் சிரித்ததில் எனக்கு அழுவதற்கு ஒரு மூலை கிடைக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை கேட்டில் பைகள் தொங்கின. பழக்கத்தில் மாட்டிவிட்டுப் போயிருப்பார்கள், இரண்டு வாரத்தில் நின்றுவிடும் என்று நினைத்தேன். அரிசியை வீணாக்க முடியுமா? உன் அண்டாவை ஏற்றினேன். பைகள் நிற்கவில்லை. அந்த முதல் வெள்ளிக்கிழமை மதியமே சபையின் பெண்கள் சங்கத்து அக்காமார்கள் முறத்தை எடுத்துக்கொண்டு அரிசி பொறுக்க வழக்கம்போல வந்து முன் அறையில் உட்கார்ந்தார்கள். உன் நாற்காலியை மட்டும் காலியாக விட்டிருந்தார்கள். யாரோ என்னைப் பார்த்து அதில் உட்காரச் சொன்னார்கள். நான் நின்றுகொண்டே அரிசி பொறுக்கினேன்.

இப்போது கோத்தகிரிக்கு வருகிறேன். அந்தப் பேரைச் சொன்னாலே உன் முகம் லேசாக மாறும், அதை நான் பார்த்ததில்லை என்று நீ நினைத்துக்கொண்டிருந்தாய். அங்கே மலைப் பள்ளிக்கூடத்தில் நான் தாவரவியல் நடத்தினேன். எனக்கென்று ஒரு அறை, ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே பனி. மாலையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பெரணிச் செடி பார்க்கப் போவேன். அங்கே நான் ஜெயசீலி மிஸ். ரத்தினபாய் டீச்சரின் மகள் என்று அங்கே ஒருத்தருக்கும் தெரியாது. அதில் எனக்கு எவ்வளவு சுகம் இருந்தது என்று உன்னிடம் எப்படிச் சொல்வது? நீ வருத்தப்பட்டிருப்பாய்.

நீ இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டபோது லீவு போட்டு வந்தேன். இரண்டு மாதம் என்று வந்தது எட்டு வருடம் ஆகிவிட்டது. நீ என்னை இரு என்று ஒரு நாளும் சொன்னதில்லை. ஒவ்வொரு ஜூன் மாதமும் வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஹாலில் நின்று, "நீ போ சீலி, நான் பாத்துக்கிறேன்" என்பாய். எப்படிப் போவேன்? நீ எந்தக் கதவையும் பூட்டியதில்லை அம்மா. பூட்டியிருந்தால் நான் உடைத்துக்கொண்டாவது போயிருப்பேன்.

ஏப்ரல் மாதம் அங்கிருந்து பிரின்சிபால் மேடம் போன் செய்தார். தாவரவியலுக்கு ஆள் இல்லை, பழைய அறைகூடக் காலியாகத்தான் இருக்கிறது, ஜூனில் வந்துவிடுகிறாயா என்று கேட்டார். யோசிக்கவே இல்லை, சரி என்றேன். போனை வைத்துவிட்டுப் பீரோவின் மேல்தட்டிலிருந்து என் பச்சை ஸ்வெட்டரை எடுத்தேன். அந்துருண்டை வாசனை தூக்கியடித்தது. மதுரையின் ஏப்ரல் வெயிலில், கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணாடி முன்னால் ஸ்வெட்டரைப் போட்டுப் பார்த்தேன். வேர்த்துக் கொட்டியது. கழற்ற மனம் வரவில்லை.

சபையில் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும் என்று முடிவுசெய்தேன். சொல்லாமல் போனால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள், அது உன் பேருக்கு வேண்டாம். ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்து, இந்த வேலையை இனி யாராவது எடுத்துக்கொள்ளுங்கள், நான் கோத்தகிரிக்குக் கிளம்புகிறேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தால் முடிந்தது. வீட்டில் இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். ஒரு மூச்சில் வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்றேன். மைக்கைக் கொடுத்தார்கள். "எங்க அம்மா செஞ்ச வேலைய இத்தன நாளா நான் பாத்துட்டு இருந்தேன். இனிமே..." என்று ஆரம்பித்தேன். பெண்கள் பக்கத்தில் மூன்றாவது வரிசையில் உன் இடம் கண்ணில் பட்டது. நீ முதுகுக்கு வைத்துக்கொள்ளும் அந்தச் சின்னத் தலையணையை யாரும் எடுக்கவில்லை, அப்படியே இருக்கிறது. அழுதுவிட்டேன். இனிமே என்ற வார்த்தைக்குப் பிறகு காற்றுதான் வந்தது.

பின்னாலிருந்து ஒருவர் ஸ்தோத்திரம் என்றார். உடனே நாலைந்து ஸ்தோத்திரம். நம் சபையில் சாட்சி சொல்ல எழுந்தவர் அழுதால், ஆண்டவர் தொட்டுவிட்டார் என்ற ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு என்பது உனக்குத் தெரியும். புது ஆயர் நல்ல பிள்ளை, சின்ன வயது, எதற்கும் கண் கலங்கிவிடும். கீழே இறங்கி வந்து, "சகோதரி சொல்ல வர்றது நமக்கெல்லாம் புரியுது" என்றார். அம்மாவின் ஊழியத்தை மகள் தோளில் ஏற்றுக்கொள்கிறார் என்று அறிவித்தார். மூப்பர்கள் வந்தார்கள். பெண்கள் சங்கத்தார் வந்தார்கள். என் தலையில் அத்தனை கைகள். ஆயர் ஜெபிக்க ஆரம்பித்துவிட்டார்.

நடு ஜெபத்தில் ஒருவரை நிறுத்த முடியுமா? இல்லை, இல்லை என்று தலையை ஆட்டினேன். எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள், யார் பார்ப்பது? தலையில் கை வைத்திருந்த அக்கா நான் நடுங்குகிறேன் என்று நினைத்து இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். ஆமென் என்று முடிந்தபோது ஆலயமே அழுதுகொண்டிருந்தது. நானும் அழுதேன். வேறு காரணத்துக்காக.

அடுத்த ஞாயிறு பொன்னாடை போர்த்தினார்கள். உனக்கு அடுக்கடுக்காகப் போர்த்தினார்களே, நீ அதையெல்லாம் மடித்துத் தலையணை உறைக்குள் திணித்து வைத்தாயே, அந்த மாதிரி சரிகை போட்டது. நாற்காலி முதுகில் போட்டு வைத்திருக்கிறேன். ராத்திரி விளக்கை அணைக்கப் போகும்போது யாரோ உட்கார்ந்திருப்பதுபோலத் தெரிகிறது.

தம்பி ஜெபா சென்னையிலிருந்து போன் செய்தான். யாரோ வீடியோ அனுப்பியிருக்கிறார்கள். "அக்கா, பாத்துட்டு அழுதுட்டேன்க்கா. அம்மா ஆசப்பட்டது இதுதான்" என்றான். வீட்டைப் பூட்டிப் போட வேண்டியதில்லை என்பதில் அவனுக்கு நிம்மதி. அவன் மேல் எனக்குக் கோபமில்லை, அவன் எப்போதும் தூரத்திலிருந்தே நம்மை நேசிக்கிறவன். ஆனால் கேட்கிறேன், நீ ஆசைப்பட்டது இதுதானா? ஒரு நாளாவது அப்படி வாய்விட்டுச் சொன்னாயா? எனக்கு ஞாபகமில்லையே.

அதற்குப் பிறகு நாளுக்கொரு முடிச்சு விழுந்தது. ஓய்வுநாள் பள்ளியில் உன் வகுப்பை என்னிடம் தந்தார்கள். ஆலயச் சாவிக்கொத்தில் ஒரு சாவியைக் கொடுத்தார்கள். அறுப்பின் பண்டிகைக்கு நான்தான் பொறுப்பு என்று அறிவிப்பில் வாசித்தார்கள், அது எப்போது வருகிறது, இப்போதே வாசித்தாயிற்று. அரிசிப் பைகள் முன்னைவிட அதிகமாகிவிட்டன. உனக்குக் கொடுக்காதவர்கள்கூட எனக்குக் கொண்டுவந்து மாட்டுகிறார்கள். வண்டு விழாமலிருக்க வேப்பிலையும் வசம்பும் போட்டுச் சாமான் அறை முழுக்க டின்களை அடுக்கியிருக்கிறேன். ஒரு காலத்தில் நான் அந்த அறையில்தான் பரீட்சைக்குப் படித்தேன். இப்போது அதற்குள் பக்கவாட்டில்தான் நுழைய முடிகிறது.

நம் கஞ்சியைக் குடிக்கிற முதியவர்களில் அவனியாபுரத்து யோசேப்பு வாத்தியாரைக் கேட்கிறாயா? உயிரோடுதான் இருக்கிறார், நாக்கும் உயிரோடிருக்கிறது. ஸ்கூட்டி மாட்டிக்கொண்டதால் தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் போகிறேன். வாராவாரம் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளிப்பார். உப்பு கூட, பூண்டு வேகவில்லை, அடிப்பிடித்த வாடை என்று ஏதாவது ஒன்று. ஒரு நாள் பொறுக்க முடியாமல், பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள் சார் என்றேன். "இந்தா பாரு, உங்கம்மா கைப்பக்குவம் ஒனக்கு வர்ற வரைக்கும் நான் சாகமாட்டேன்" என்றார். அவர் அன்பாகத்தான் சொன்னார். எனக்கு ஆயுள் தண்டனை வாசித்ததுபோல இருந்தது.

பிரின்சிபால் மேடத்தின் போனை எடுக்காமலே மூன்று வாரம் ஓட்டினேன். புதன்கிழமை மெசேஜ் அனுப்பினார். திங்கட்கிழமைக்குள் வருகிறேனா இல்லையா என்று சொல்லிவிட வேண்டுமாம், இல்லாவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வார்களாம். அவர் சொல்வதும் நியாயம்தான். ஆலயத்தில் ஆண்டவர் முன்னால் எல்லோரும் தலையில் கை வைத்த பிறகு, அது தப்பு, நான் சொல்ல வந்தது அதில்லை என்று எந்த முகத்தோடு போய்ச் சொல்வேன்? ரத்தினபாய் டீச்சருக்கு இப்படி ஒரு மகளா என்பார்கள். அந்தக் கேள்விக்குத்தான் நான் வாழ்நாள் முழுக்கப் பயந்திருக்கிறேன். வர முடியாது என்று மேடத்துக்கு எழுதிவிடலாம் என்றுதான் இருந்தேன்.

வியாழக்கிழமை சொர்ணம் அத்தை வந்தாள்.

உன்னோடு அதே பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு நடத்திய உன் சிநேகிதி, நீ போனபோது மகன் வீட்டில் திருப்பூரில் கண் ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தாள். உன் அடக்கத்துக்கு வர முடியவில்லை. என் சாட்சியையும் அவள் பார்க்கவில்லை. இப்போதுதான் ஊர் திரும்பியிருக்கிறாள். தெருவில் வேலை செய்கிற இரண்டு பேர் கையைப் பிடித்துப் பலகையில் நடத்திக் கூட்டிவந்தார்கள். வந்ததும் உன் நாற்காலியில் பொன்னாடையைப் பார்த்தாள், எடுத்துத் தரையில் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

அன்றைக்கு என்னதான் சொன்னாய் என்று கேட்டாள். சொன்னதைச் சொன்னேன், சொல்ல வந்ததையும் சொன்னேன். அத்தை சிரித்தாள். இருமல் வருகிற வரை சிரித்தாள். அப்புறம் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தாள்.

"உங்கம்மாவும் இப்படித்தேன் ஒருநா எந்திரிச்சா" என்றாள். "ஒனக்கு அப்ப பல்லு விழுகுற வயசு. பெரியகுளம் பக்கம் ஒரு ஸ்கூல்ல ஹெட்மிஸ்ட்ரஸ் வேல வந்துச்சு அவளுக்கு. குவார்ட்டர்ஸு, பின்னாடி தோட்டம், அம்புட்டும் பாத்துட்டு வந்துட்டா. சபையில சொல்லிட்டுப் போவோம்னு எந்திரிச்சவ, இந்த அரிசி வேலைய இனிமேன்னு ஆரம்பிச்சா. அழுகை வந்துருச்சு. பழைய ஆயர் ஐயா எறங்கி வந்து தலையில கைய வச்சுட்டாரு."

பிறகு என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"பெறகென்ன. உக்காந்துட்டா."

அம்மா, இதை நீ ஏன் என்னிடம் சொல்லவில்லை? எட்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தோம். உன் முதுகைத் தேய்த்துவிட்டேன், உன் நகத்தை வெட்டிவிட்டேன். சாயங்காலம் பேச ஒன்றுமில்லாமல் பல்லியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அப்போது சொல்லியிருக்கலாமே. பெரியகுளத்தில் அந்தத் தோட்டத்தில் என்ன மரம் இருந்தது? எனக்கு அங்கே எந்த ஜன்னலோரம் கட்டில் போடலாம் என்று நினைத்துப் பார்த்தாயா? அப்பா இருந்தவரை அவரிடமாவது சொன்னாயா?

அதற்கப்புறம் மூன்று வருடம் அண்டாவைப் பார்த்தாலே உனக்கு எரிச்சல் வரும் என்று அத்தை சொன்னாள். கொல்லையில் அதைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு முகம் கொடுக்காமல் போவாயாம். "பெறகு பழகிருச்சு. பழகி, பிடிச்சும் போச்சு. அது பொய்யில்ல சீலி, அவளுக்கு நெசமாவே பிடிச்சுப் போச்சு" என்றாள். நான் நம்புகிறேன். அண்டாவுக்குள் முழங்கை வரை விட்டுக் கிளறியவளுக்கு அந்த வேலை பிடிக்காமலிருக்க முடியாது. ஆனால் பிடித்துப் போய்விட்டால், முதலில் அடைபட்டது இல்லையென்று ஆகிவிடுமா? எனக்கும் ஒரு நாள் பிடித்துவிடும் என்பதுதான் இப்போது எனக்குப் பெரிய பயமாக இருக்கிறது.

அத்தையிடம் இன்னொன்றும் கேட்டேன். பிள்ளைகளை முழுசாகச் சொல்லச் சொல்லிப் பாடாய்ப் படுத்துவாயே, அது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னாலேயே இருந்த பழக்கமா, பின்னால் வந்ததா என்று. அத்தை நெற்றியைத் தடவி யோசித்துப் பார்த்தாள். தெரியவில்லை என்றாள். உனக்காவது தெரியுமா?

உன் மூன்றாம் வகுப்பில் நானும் ஒரு வருடம் இருந்தேனே, முன் பெஞ்சில். மகள் என்று எனக்கு ஒரு நாளும் சலுகை காட்டியதில்லை. திருக்குளத்தில் தாமரை எப்படி மிதக்கிறது என்று கேட்டாய், நான் எழுந்து தண்டு என்றேன். தண்டு என்ன செய்கிறது என்றாய். எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே சொல்லலாம், தப்பில்லை, ஆனால் முழுசாகச் சொல் என்று அப்படியே நின்றாய். மணி அடித்தது, மற்ற பிள்ளைகள் எல்லாம் வெளியே ஓடினார்கள். நான் சொல்லி முடிக்கிற வரை நீ அசையவில்லை. அழுவதையும் பேசுவதையும் ஒரே நேரத்தில் செய்யலாம் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதான். மூன்று வாரத்துக்கு முன்னால் அது எப்படி மறந்துபோனது எனக்கு?

இன்றைக்குச் சனிக்கிழமை. காலையில் அண்டாவை ஏற்றினேன். கவனம் எங்கேயோ இருந்ததில் உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டேன். ருசி பார்த்தபோது நாக்கைப் பிடுங்கியது. தேங்காய்ப்பாலை இன்னும் ஊற்றிப் பார்த்தேன், சரியாகவில்லை. வேறு வழியில்லாமல் அதையே எடுத்துக்கொண்டு அவனியாபுரம் போனேன். யோசேப்பு வாத்தியாரிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அவர்தான் என்னை நம்பி உட்கார்ந்திருக்கிறவர். தூக்குவாளியை முன்னால் வைத்துவிட்டு, நின்றபடியே சொன்னேன். ஜூன் மாதம் கோத்தகிரிக்கு வேலைக்குப் போகிறேன் சார், சனிக்கிழமை கஞ்சிக்கு யார் வருவார்கள் என்று எனக்குத் தெரியாது, நாளைக்குச் சபையில் கேட்கப்போகிறேன், யாரும் வராமலும் போகலாம் என்று.

அவர் மூடியைத் திறந்தார். ஒரு வாய் குடித்தார். எப்போதும்போல முகத்தைச் சுளிக்கப் போகிறார் என்று காத்திருந்தேன். சுளிக்கவில்லை. மெதுவாக, நிறுத்தாமல், பாதித் தூக்குவாளியைக் குடித்தார்.

"பக்குவம் வந்துருச்சுத்தா" என்றார். "போயிட்டு வா."

வாசலில் வந்து ஷேர் ஆட்டோவுக்கு நிற்கும்போது அழுதேன். அந்த உப்பை அவர் எப்படி விழுங்கினாரோ தெரியவில்லை. நீ இருந்தவரை உன் கஞ்சியைக்கூட ஒரு முறை பாராட்டாத மனிதர்.

கஞ்சி என்ன ஆகும் என்று நீ கேட்பாய். எனக்குத் தெரியாது அம்மா. வறுக்கவும் உடைக்கவும் நம் வீட்டுக்கு வருகிற அக்காமார்கள் அத்தனை பேருக்கும் தெரியும், உன்னிடம் கற்றுக்கொண்டவர்கள்தானே. அண்டாவைத் தூக்கிப் போக இரண்டு ஆள் போதும். லில்லி அக்கா கொல்லை நம்முடையதைவிடப் பெரியது. அவர் அந்தப் பலகையில் கால் வைப்பாரா என்பதுதான் கேள்வி. யாரும் எடுக்காமல் போனால் நின்றுபோகும். அதைச் சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன், நின்றுபோகலாம். உன் பேருக்கு அதனால் ஒன்றும் குறையாது, என் பேருக்குக் குறைந்தால் குறையட்டும்.

நாளைக்குச் சொர்ணம் அத்தை என் பக்கத்தில் உட்காருகிறாள். உன்னுடைய அந்த ஞாயிற்றுக்கிழமையும் அவள் உன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாளாம். எல்லோரையும்போலக் கண்ணை மூடிக்கொண்டு ஆமென் சொன்னாளாம். அதை இத்தனை வருடம் நெஞ்சுக்குள் வைத்திருந்திருக்கிறாள். வியாழக்கிழமை பலகையைத் தாண்டிப் போகும்போது திரும்பி, "இந்தத் தடவ நான் கண்ணத் தொறந்துக்கிட்டே இருக்கேன்" என்றாள். கண் ஆபரேஷன் செய்துகொண்டதற்கு அதுதான் பலன் என்று அவளே சிரித்துக்கொண்டாள்.

பயமாக இருக்கிறது. உன் தலையணை அதே இடத்தில்தான் இருக்கும். இனிமே என்று ஆரம்பித்ததும் அழுகை வரும். பின்னாலிருந்து யாராவது ஸ்தோத்திரம் சொல்லிவிடுவார்கள், ஆயர் படியில் ஒரு காலை எடுத்து வைப்பார். எத்தனை நல்ல மனிதர்கள் அம்மா, எவ்வளவு அன்பாக ஒருத்தியைச் சுற்றி வளைத்துவிடுகிறார்கள். அவர்களில் ஒருவரையும் என்னால் வெறுக்க முடியவில்லை. உன்னையும்தான்.

உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். நாளைக்கு எழுந்து நிற்பேன். அழுகை வந்தால் அழுதுகொண்டே சொல்வேன். தலையில் கை வைக்க வந்தால் கையைப் பிடித்துக்கொண்டு சொல்வேன். எங்க அம்மா செய்த வேலையை இனிமேல் என்னால் செய்ய முடியாது, நான் என் வேலைக்குத் திரும்பிப் போகிறேன், எங்களை விட்டுவிடுங்கள் என்று சொல்வேன். எங்களை என்றுதான் சொல்லப்போகிறேன், நீயும் சேர்த்தி. முழுசாகச் சொல்லிவிட்டுத்தான் உட்காருவேன், டீச்சர்.

உன் வகுப்பில் முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்த
உன் மகள்,
சீலி